யாளியின் முதுகு

"பின்னாடி ஏன் மொட்டையா இருக்கு?" என்று கேட்டார் பிரம்மா.

கேட்டது ஒரு மரக்கட்டையைப் பற்றி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பருமன். நிமிர்த்தி வைத்தால் நிற்கும். ஒரு பக்கம் யாளியின் படம் ஒட்டியிருந்தது. மறுபக்கம் இழைத்த மரம், அவ்வளவுதான். கூட்ட அறையின் நீள மேசையில், மலையும் காடும் வரைந்த பலகையின் மேல், அப்படி ஒரு படையே நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ஒன்றை இரண்டு விரல்களால் தூக்கி, சாப்பாட்டில் கிடந்த தலைமுடியை ஓட்டல்காரரிடம் காட்டுவதுபோல் விளக்கு வெளிச்சத்தில் காட்டினார் அவர்.

பிரம்மா என்பது ஊழியர்கள் வைத்த பெயர். அவர் தமக்கே வைத்துக்கொண்டது இன்னும் பெரியது. விசிட்டிங் கார்டில் 'உலகங்களின் தலைமை வடிவமைப்பாளர்' என்று போட்டிருந்தார். பன்மை. இதுவரை செய்தது ஒரே ஒரு உலகம், 'ஏழாம் மகுடம்' என்கிற வீடியோ கேம். ஏழு ராஜ்யங்கள், எலும்புப் படை, ஒற்றைக்கண் அரக்கர்கள், எல்லாவற்றுக்கும் மேலே யாளி. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே ஓடியது. அது ஓட ஆரம்பித்ததும் இவர் நடக்கிற விதம் மாறிவிட்டது. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதுகூட யாரோ பின்னால் நின்று சாமரம் வீசுவதுபோல்தான் நிற்பார். "நான் கேம் பண்ணல, புராணம் பண்றேன்" என்று பேட்டி கொடுப்பார். அந்தப் புராணத்தை அட்டைப் பெட்டியில் போட்டு, கணினி இல்லாமல் மேசையில் விளையாடும் பலகை விளையாட்டாகவும் விற்க வேண்டும் என்று இப்போது ஆசை வந்திருந்தது. அதற்காகக் கூப்பிடப்பட்டவள்தான் அட்டைக்கா.

அவளுக்கு அது பெற்றோர் வைத்த பெயர் அல்ல என்று சொல்லத் தேவையில்லை. கத்தரியும் பசையும் பைநிறைய அட்டையுமாக அலைகிற நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணை அலுவலகம் வேறெப்படிக் கூப்பிடும்? பிடித்தால் விடமாட்டாள் என்பதாலும் அந்தப் பெயர் பொருந்துகிறது என்று சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டார்கள். அவள் காதில் விழுந்தது. மறுக்கவில்லை.

"அதுதான் சார் மூடுபனி," என்றாள்.

"எது?"

"அந்த மொட்டை முதுகு. படம் இருக்கற பக்கம் எனக்கு, முதுகு எதிராளிக்கு. வர்றது யாளியா, வெறும் சருகாங்கறது அவங்களுக்குத் தெரியக் கூடாதில்லையா."

சருகு என்பது அந்த விளையாட்டில் போலிப் படை. இலைதழையைக் குவித்துப் படைபோல் காட்டுவது. தொட்டால் உதிர்ந்துவிடும். தொடும்வரை அதுவும் யாளிதான்.

பிரம்மா பெருமூச்சு விட்டார். சராசரி மனிதர்களோடு வாழ நேர்ந்தவரின் பெருமூச்சு. "மேடம், இந்த யாளிய வரைய எட்டு மாசம் ஆச்சு. பிடரி மயிர் ஒவ்வொண்ணும் தனித்தனி. அதை எதிர்ல இருக்கறவன் பாக்கக் கூடாதுன்னு சொல்றீங்க. ரெண்டு பக்கமும் ஒட்டுங்க."

"ஒட்டினா பனி போயிடும் சார்."

"பனிங்கறது ஒரு சூழல் மேடம். பலகையில அங்கங்க லேசா வெள்ளை அடிச்சு விடுங்க, வந்துடும்." கட்டையைப் பலகையில் வைத்தார். அது காலிடறிக் கவிழ்ந்தது. "வியாழக்கிழமை பெட்டிக்காரம்மா வர்றாங்க, இதை அச்சடிச்சு விக்கறவங்க. அவங்க முன்னாடி நானே உக்காந்து விளையாடிக் காட்டறேன். ரெண்டு பக்கமும் யாளி இருக்கணும். முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆள் இருக்காங்க."

வேற ஆள் இருந்தது உண்மைதான். பகடையை உருட்டு, கட்டத்தில் நகர், அரக்கன் வந்தால் மூன்று கட்டம் பின்னால் போ என்று பழைய பரமபதத்துக்குப் புது வர்ணம் அடித்துக் கொடுக்கிற நிறுவனம். எந்தப் படம் கொடுத்தாலும் ஒரே வாரத்தில் முடித்துவிடுவார்கள். அவர்களுடைய பெட்டிகளை அட்டைக்கா பல வீடுகளில் பார்த்திருக்கிறாள். அலமாரி உச்சியில், இஸ்திரிப் பெட்டிக்கு அடியில், பிரித்த நாள் அன்றே மூடப்பட்டவை. இதுவும் அங்கேதான் போகப்போகிறது. போதாக்குறைக்குப் பெட்டியின் மேல் தன் பெயரோடு போகப்போகிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டதில் கடைவாயில் வலித்தது.

அந்தப் பனிக்காக அவள் பட்ட பாடு அப்படி. வந்த புதிதில் விதிகளைப் புரிந்துகொள்ளக் கணக்கிடம் போய் உட்கார்ந்தாள். கணக்கு என்பது தலைமை புரோகிராமர். அந்த உலகத்தில் யார் யாரை அடித்தால் என்ன ஆகும் என்கிற எண்ணெல்லாம் அவர் எழுதியது.

"ஒரு வில்லாளி ஒரு அரக்கனை அடிச்சா எவ்ளோ அடி விழும்?"

"அது சிம்பிள்க்கா. வில்லாளி பலத்துல அரக்கனோட தோல் தடிமனைக் கழிச்சு, மேடு பள்ளத்தால பெருக்கி, படையோட பசியால வகுத்து, அதுல அதிர்ஷ்டம்னு ஒரு நம்பர் கூட்டணும்."

"யாரு கூட்டறது?"

"கம்ப்யூட்டர்தான்."

"என் பெட்டிக்குள்ள கம்ப்யூட்டர் இல்லையேப்பா. ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி, லீவுக்கு வந்த ஒரு மச்சினன். இவங்கதான் இருக்காங்க. அதுல மச்சினன் கணக்குல வீக்."

கணக்கு நெடுநேரம் யோசித்து, "அப்ப பசிய எடுத்துடலாம்," என்றார். பசி போனது. பிறகு மழை போனது, குதிரைகளின் களைப்பு போனது, ஏழு அரச வம்சங்களின் வரலாறு ஒரே மூச்சில் போனது. கடைசியில் சண்டை என்பது மூன்று பகடைகளில் வந்து நின்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிவிட்டது என்று பிரம்மா குறைப்பட்டுக்கொண்டார். அட்டைக்கா கவலைப்படவில்லை. கழுதையைவிடக் கட்டெறும்பு நன்றாகவே கடிக்கும்.

ஆனால் பனியை மட்டும் அவள் கழிக்க மறுத்தாள். முதல்முதலாக அந்த வீடியோ கேமை வீட்டில் போட்டுப் பார்த்த மாலை நினைவில் இருந்தது. திரையில் தன் கோட்டையைச் சுற்றி இரண்டு குன்று தூரம்தான் தெரிந்தது. அதற்கப்பால் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் ஏதோ அசைந்தது. குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எழுந்து போகவில்லை. யாளி வந்து நின்றபோது, உண்மையைச் சொன்னால், அப்பாடா என்றிருந்தது. பிடரி மயிரை யார் எண்ணினார்கள்? பயம் முழுக்க அது வருவதற்கு முன்னாலேயே தீர்ந்துபோயிருந்தது. அந்த விளையாட்டின் உயிர் யாளியிடம் இல்லை, யாளியாக இருக்குமோ என்பதில் இருந்தது. இதை மேசைக்குக் கொண்டுவந்துவிட்டால் மற்றதெல்லாம் மரமும் அட்டையும்.

மேசையின் குணம் வேறு. அதில் வைத்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் பலகையின் நடுவே அட்டைத் தடுப்பு வைத்துப் பார்த்தாள். மாமியார் எட்டிப் பார்த்தார். துண்டு போட்டு மூடிப் பார்த்தாள். துண்டை இழுத்தபோது இரண்டு ராஜ்யங்கள் தரைக்குப் போயின. கணவனை நடுவராக நடுவில் உட்கார வைத்தாள். அவன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அவன் முகமும் கண்ணாடிதான். யாளி பக்கத்தில் வந்தால் அவனுக்கே வியர்த்தது. மாமியார் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மகனின் நெற்றியையே பார்த்து விளையாடி ஜெயித்தார்.

விடை ஒருநாள் சாப்பாட்டு மேசையிலேயே கிடைத்தது. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு வருகிறாள். கணவன் இந்தப் பக்கம், மாமியார் அந்தப் பக்கம், இரண்டு பேர் கையிலும் போன். கணவன் எதையோ பார்த்துச் சிரிக்கிறான், மாமியார் எதையோ பார்த்து முகம் சுளிக்கிறார். என்ன என்று இவளுக்குத் தெரியவில்லை. தெரிவதெல்லாம் இரண்டு கறுப்பு முதுகுகள். அவள் தட்டுகளோடு அப்படியே நின்றுவிட்டாள். இந்த வீட்டில் பனி எத்தனையோ வருஷமாக இறங்கியிருக்கிறது, இவள்தான் துண்டு போட்டு மூடிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே தச்சரிடம் போய்க் கட்டைகள் அறுத்து வந்தாள். ஒரு பக்கம் படம், மறுபக்கம் மொட்டை. அவரவர் படையின் முகம் அவரவருக்கு. முதல் ஆட்டத்தில் மாமியார் ஒரு கட்டையை மெல்ல, மிக மெல்ல, மகனின் கோட்டையைப் பார்த்து நகர்த்திக்கொண்டே வந்தார். ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ் அவர். ஊசி போடும்வரை ஊசி இல்லை என்று சொல்லிப் பழகிய முகம். மகன் அந்தக் கட்டையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், தன் மொத்தப் படையையும் ஆற்றுக்கு அப்பால் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். காலியான கோட்டைக்குள் கட்டை நுழைந்து கவிழ்ந்தது. சருகு.

"பெத்த பிள்ளையை இப்படியா ஏமாத்துவ?" என்று கத்தினான் அவன்.

"உனக்கு டானிக்குன்னு சொல்லி விளக்கெண்ணெய் குடுத்து வளத்தவடா நான்," என்றார் அவர். அவன் உடனே இன்னொரு ஆட்டம் போட வேண்டும் என்றான். அந்த 'இன்னொரு ஆட்டம்' என்ற சொல்லுக்காகத்தான் அட்டைக்கா இந்தத் தொழிலில் இருக்கிறாள்.

பிரம்மாவின் உத்தரவோடு அவள் வீடு திரும்பிய மாலை, மூவரும் அதே மேசையில் உட்கார்ந்து, மிச்சமிருந்த இன்னொரு செட் கட்டைகளுக்கு இரண்டு பக்கமும் யாளி ஒட்டினார்கள். கணவன் லென்ஸ் துடைக்கிற நுணுக்கத்தோடு ஒட்டினான்.

"அவர் சொன்னபடி செஞ்சு குடுத்துட்டுப் போயேன்," என்றான். "என்கிட்ட வர்றவங்களும்தான், முகத்துக்குப் பொருந்தாத ஃப்ரேமை எடுத்து வெச்சுக்கிட்டு நல்லாயிருக்கான்னு கேக்கறாங்க. நல்லாயிருக்குன்னுதானே சொல்றேன்."

"உங்க ஃப்ரேமை மாட்டுனா கண்ணாவது தெரியும். இதை ஒட்டுனா ஆட்டமே இருக்காது."

மாமியார் இரண்டு பக்கமும் பிடரி சிலிர்த்த ஒரு யாளியை மேசையில் நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. இதை வெச்சுக்கிட்டு நான் யாரை ஏமாத்தறது?" என்றார். பிறகு, "ஏம்மா, அந்த மனுஷன் ஒரு தடவையாவது சருகைப் பாத்து பயந்திருப்பாரா?"

"அவர்தான் அத்தை அந்தச் சருகையே உண்டாக்கினவரு. ஆபீஸ் போட்டியில அவரை யாரும் ஜெயிச்சதே இல்லையாம்."

"ஜெயிச்சதே இல்லையா?" என்றார் மாமியார். கட்டையைத் திருப்பி வைத்தார். திருப்பினாலும் அதே முகம்தான். "ஒருத்தர்கூடவா?"

அட்டைக்கா எழுந்தாள். ஒட்டிய கட்டைகளை ஒரு துணிப்பையில் போட்டாள். மொட்டைக் கட்டைகளை இன்னொரு பையில் போட்டாள். வியாழக்கிழமை இரண்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

பெட்டிக்காரம்மா பலகை விளையாட்டுகளை அச்சிட்டு, பெட்டி போட்டு, ஊர் ஊராக விற்கிறவர். அறுபது தாண்டியவர், நடக்கத் தோதான செருப்பு, பெரிய கைப்பை. அவர் தலையசைத்தால்தான் எந்த ஆட்டமும் கடைக்குப் போகும். உள்ளே வந்ததும் மாதிரிப் பெட்டியைத் தூக்கி எடை பார்த்தார், ஆட்டிச் சத்தம் கேட்டார், தேங்காய் வாங்குகிறவரைப்போல. பிரம்மா முதலாம் ராஜ்யத்தின் தோற்றத்திலிருந்து ஆரம்பித்தார். மூன்றாம் ராஜ்யத்தின் வாரிசுச் சண்டைக்கு வந்தபோது பெட்டிக்காரம்மா கை உயர்த்தினார்.

"தம்பி, கதையை வீட்டுக்குப் போய்ப் படிச்சுக்கறேன். எப்படி ஜெயிக்கறது?"

பிரம்மாவை அந்தக் கட்டடத்தில் யாரும் தம்பி என்று கூப்பிட்டதில்லை. அவர் அதைத் தாண்டி வருவதற்குள் அட்டைக்கா மொட்டைக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி முடித்திருந்தாள். அவர் புருவம் ஏறியது.

"ரெண்டு செட்டும் கொண்டாந்திருக்கேன் சார்," என்றாள், அவர் வாய் திறக்கும் முன். "நீங்க சொன்னது இந்தப் பையில இருக்கு. முதல்ல இதுல ஒரு ஆட்டம். அதுக்கப்புறமும் அதுதான் வேணும்னா, நானே எடுத்து அடுக்கறேன்."

வெளி ஆள் முன்னால் கத்த முடியாது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு, அருகில் நின்றிருந்த கணக்கு ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. பெட்டிக்காரம்மா ஒவ்வொரு நகர்த்தலுக்கும் யோசித்தார். மூக்கின் நுனிக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு எதிர்வரிசை முதுகுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிரம்மா யோசிக்கவே இல்லை. நகர்த்திவிட்டு, எதிராளிக்குத் தைரியம் போதாது என்பதுபோல் விரல்களால் மேசையில் தாளம் போட்டார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே ஊழியர்கள் நாலைந்து பேர், காபிக் கோப்பைகளோடு தற்செயலாக நின்றுகொண்டிருந்தார்கள். பெட்டிக்காரம்மாவின் கட்டை ஒன்று ஆற்றைக் கடந்து பிரம்மாவின் கோட்டைக்கு இரண்டு கட்டம் தள்ளி வந்து நின்றது.

பிரம்மா கையை நீட்டி அந்தக் கட்டையைத் திருப்பினார்.

கள்ளத்தனமாக அல்ல. தன் வீட்டு அடுப்பில் கொதிக்கிற பாத்திரத்தின் மூடியைத் தூக்கிப் பார்ப்பதுபோலத் திருப்பினார். "சருகு," என்றார். பக்கத்துக் கட்டையைத் திருப்பினார். "இது வில்லாளி. சரி." இரண்டையும் பழையபடி வைத்துவிட்டுத் தன் படையை வேறு பக்கம் அனுப்பினார். "உங்க முறை."

பெட்டிக்காரம்மா அட்டைக்காவைப் பார்த்தார். "விதியில இது உண்டாம்மா?"

"இல்லைங்க."

"பின்ன?"

அட்டைக்கா பிரம்மாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் திருட்டு இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. அவள் கணக்கின் பக்கம் திரும்பினாள். கணக்கு மேற்கூரையில் ஏதோ பல்லி இருப்பதுபோல் அண்ணாந்திருந்தார்.

"கணக்கு, என்னப்பா இது?"

"அது வந்துக்கா..." அவர் குரல் பகடைபோல் உருண்டு மேசைக்கடியில் போனது. "சார் மெஷின்ல பனி கெடையாது."

"கெடையாதுன்னா?"

"ஆரம்பத்துல, கேம் பாதியில இருக்கும்போது, எல்லாம் சரியா வருதான்னு பாக்க அவருக்கு மட்டும் பனிய எடுத்து விட்டோம். அப்புறம் கேம் வெளிய வந்துடுச்சு. திருப்பிப் போடலாமான்னு கேக்க... யாரும் கேக்கல."

பூனைக்கு மணி கட்டாமல் விட்டால், பூனை தன்னைப் புலி என்று நினைத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன? ஆபீஸ் போட்டிகளில் இவர் ஜெயித்ததெல்லாம் இப்படித்தான். 'முடிவெடுக்கும் துணிவு' என்று இவர் மேடையேறிப் பேசியதும் இப்படித்தான். பனியைப் படைத்தவர் இன்றுவரை பனியைப் பார்த்ததில்லை. அதனால்தான் வெள்ளை அடித்து விடச் சொன்னார். அவருக்குத் தெரிந்த பனி அவ்வளவுதான்.

"இதுல என்ன இருக்கு?" என்றார் பிரம்மா, எல்லோரையும் சுற்றிப் பார்த்து. "நான் உண்டாக்குன உலகம். எனக்கு எதுக்குப் பனி?"

வெளியே ஒருவன் காபியை விழுங்க மறந்து நின்றான். அட்டைக்காவுக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. சிரித்து மழுப்பலாம், துணிப்பையை அவிழ்த்து இருபுறமும் யாளி போட்ட கட்டைகளை அடுக்கலாம், இவர் ஜெயிப்பார், பெட்டிக்காரம்மா மரியாதைக்குத் தலையசைத்தாலும் அசைப்பார், பெட்டிகள் அலமாரி உச்சிகளைத் தேடிப் போகும். இன்னொரு வழியில் போனால் நாளை இந்தக் கட்டடத்துக்குள் நுழையவே முடியாமல் போகலாம். மாமியாரின் சருகைப் பார்த்து மொத்தப் படையையும் பின்னுக்கு இழுத்த தன் கணவனின் முகம் அவள் நினைவுக்கு வந்தது. அந்தப் பயத்தை மேசைக்குக் கொண்டுவரத்தான் இத்தனை நாள். இப்போது இவர் கை அதைத் திருப்பி வைத்துவிட்டுத் தாளம் போடுகிறது.

"உலகம் உங்களோடதுதான் சார்," என்றாள். "அதுல ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா இந்தக் கட்டை அவங்களோடது. அதைத் தொடக் கூடாது."

"மேடம்?"

"தொடக் கூடாது சார். மெஷின்ல தடுக்கறதுக்கு மெஷின் இருக்கு. இங்க நாமதான் இருக்கோம்." பலகையிலிருந்த கட்டைகளை இரு கைகளாலும் ஒதுக்கினாள். "முதல்லேந்து ஆரம்பிக்கலாம்."

பிரம்மாவின் காது மடல்கள் சிவந்தன. எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாற்காலியைப் பின்னால் தள்ளியும் விட்டார். அதற்குள் பெட்டிக்காரம்மா தன் கட்டைகளைக் கலக்கி அடுக்க ஆரம்பித்திருந்தார்.

"உக்காருங்க தம்பி," என்றார், தலையைத் தூக்காமல். "நானும் தெரியாமத்தானே விளையாடிட்டிருக்கேன். எனக்கு மட்டும் ஜோசியமா தெரியும்?"

அவர் உட்கார்ந்தார். தன் கட்டைகளை அடுக்கினார். முதல் நகர்த்தலை வழக்கமான வேகத்தில் செய்தார். இரண்டாவதற்குக் கை எதிர்ப்பக்கம் போய், பாதியில் நின்று, திரும்பி வந்து தன் மோவாயைத் தடவிக்கொண்டது. மூன்றாவதில் தாளம் நின்றுபோனது. பெட்டிக்காரம்மா ஒரு கட்டையை மட்டும், வேறு எதையும் தொடாமல், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார். காட்டைக் கடந்தது. ஆற்றைக் கடந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. காய்கறி நறுக்குகிற முகம்.

"அது... யாளியா இருக்காது," என்றார் பிரம்மா, யாரிடமும் அல்லாமல். "இவ்ளோ சீக்கிரம் யாளிய யாரும் அனுப்ப மாட்டாங்க." கொஞ்சம் பொறுத்து, "மாட்டாங்கதானே?" என்று கணக்கிடம் கேட்டார்.

"தெரியல சார்," என்றார் கணக்கு. அந்த அலுவலகத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல்முறையாக இருக்கும்.

கண்ணாடிச் சுவரில் மூக்குகள் ஒட்டியிருந்தன. அட்டைக்கா, இருபுறமும் யாளி ஒட்டிய கட்டைகள் இருந்த பையைக் காலால் மெல்ல மேசைக்கு அடியில் தள்ளினாள். எதிர்ப்பக்கத்துக் கட்டை இன்னொரு கட்டம் முன்னால் வந்து கோட்டை வாசலில் நின்றது. உலகங்களின் தலைமை வடிவமைப்பாளர் நாற்காலியிலிருந்து இறங்கி, மேசையின் விளிம்பில் தாடையை வைத்து, கண்ணைப் பலகையின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். கை பகடைமேல் இருந்தது, உருட்டவில்லை. அந்த மொட்டை மரத்தில் கோடு கோடாக ரேகை ஓடியது. இமைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.